ஓநாய்க்கு எப்படி இருந்தது?

பேரன் ட்ரெவரை அந்த ஆங்கில வகுப்பிலிருந்து மாற்றியே தீருவதென்று வெர்னன் வகுப்பறைக்கே போன் போட்டார். காலையில் டீச்சருக்குக் காட்டமாக ஒரு கடிதமும் கொடுத்தனுப்பியிருந்தார்.

“கதையப் படிச்சா கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லணும். ஓநாய்க்கு மனசு எப்படி இருந்துச்சுன்னா கேப்பீங்க? பயல வேற வகுப்புக்கு மாத்துங்க.”

“கோபமா இருக்கீங்க சார். உடம்புல அது எங்க தெரியுது?” என்றது சின்னக் குரல்.

ஒஹாயோவிலிருந்து டெக்சாஸ் வரை லாரி ஓட்டிய வெர்னனுக்கு இந்தக் காலத்து டீச்சர்கள் எல்லாருமே பொடிசுகள்தான்.

“காதுல. உங்க பேச்சக் கேட்டு.”

“நாலு எண்ணுற வரைக்கும் மூச்ச இழுங்க. நான் காத்திருக்கேன்.”

திட்டுவதற்காகத்தான் வெர்னன் மூச்சை இழுத்தார். பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

“கோபத்துக்கு அடியில வேற ஏதாவது இருக்கா சார்?”

“நேத்து அந்தப் பய, ‘பாட்டி இல்லாம உங்களுக்கு எப்படி இருக்கு தாத்தா’ன்னு கேட்டுட்டான். சாப்பிட்டுக்கிட்டிருந்த மக்ரோனி தொண்டையிலயே நின்னுடுச்சு.”

“சொல்லிட்டீங்களே. இப்ப எப்படி இருக்கு?”

“தேவலை. சரி, அவன் அங்கயே இருக்கட்டும். நல்லாத்தான் நடத்தறீங்க டீச்சர்.”

“நான் டீச்சர் இல்ல சார். ஆறாம் வகுப்பு ஹார்ப்பர். இந்த வாரம் போன் எடுக்கறது என் முறை. டீச்சர் உங்க கடிதத்தப் படிச்சுட்டு, நாங்க அழுதா உக்கார்ற மூலையில கரடி பொம்மையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. கூப்பிட்டா வரமாட்டேங்கறாங்க.”

வெர்னன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“போன அவங்ககிட்ட குடும்மா... டீச்சர், முதல்ல நாலு எண்ணுற வரைக்கும் மூச்ச இழுங்க. நான் காத்திருக்கேன்.”