கோயிலைக் கட்டி முடிக்கட்டும்

"சிலுவையே ஏத்திட்டாங்க. இன்னும் என்ன சாக்கு சொல்லப்போற?" என்று கேட்டபடி ஃபெரான் ஒற்றை ரோஜாவை ரெமெய்யின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

ரோஜாவை வாங்கிக்கொண்டாள். கேள்வியை வாங்கிக்கொள்ளவில்லை.

அண்ணாந்து பார்த்தாள். சக்ராடா ஃபமிலியா தேவாலயத்தின் நடுக்கோபுர உச்சியில் சிலுவை வெயிலில் மின்னியது. பக்கத்தில் கிரேன் ஒன்று, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் நின்றது.

"கண்ணாடிய தொடச்சுப் போட்டுப் பாருய்யா. முன்வாசலே இன்னும் கட்டி முடிக்கல. வாசல் இல்லாத வீட்டுக்கு எவளாவது குடித்தனம் பண்ண வருவாளா?"

பார்சிலோனாவில் நடக்காத காரியத்துக்கு, நூறு வருஷத்துக்கு மேலாகக் கட்டிக்கொண்டே இருக்கும் இந்தக் கோயில்தான் கெடு. குழாய் ரிப்பேர்க்காரன் எப்போது வருவான், மாமியார் எப்போது ஊருக்குக் கிளம்புவாள் என்று யாராவது கேட்டால், கோயிலைக் கட்டி முடிக்கட்டும் என்பார்கள்.

இளவயதில், சந்தையில் நெத்திலியைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ரெமெய்யிடம் ஃபெரான் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, அவளும் கத்தியை நிறுத்தாமல் அதையேதான் சொன்னாள். வேறு எவனாக இருந்தாலும் நடையைக் கட்டியிருப்பான். ஃபெரான் அதை ஒரு தேதி என்று எடுத்துக்கொண்டான்.

பஸ் டிரைவரான அவன், கோயிலைக் கடந்து போகும் தடத்தைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினான். ஜெபத்துக்கு ஒருநாளும் போகாதவன், கல் ஏறியதா, சாரம் இறங்கியதா என்று தினமும் எட்டிப் பார்த்தான். தொற்றுக் காலத்தில் வேலை நின்றபோது அவன் புலம்பிய புலம்பலில் பாதிரியாரே வந்து ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆண்டுதோறும் காதலர் திருநாளான சாந்த் ஜோர்டி நாளில், ஊரே ரோஜாவும் புத்தகமுமாக அலையும்போது, அவன் ஒரு ரோஜாவோடு கேள்வியையும் நீட்டுவான். அவள் ஒரு புத்தகத்தை அவன் கையில் திணித்துவிட்டு, கோயிலில் ஏதாவது ஒரு குறையைக் காட்டுவாள். அப்புறம் இருவரும் வெளியூர்க்காரர்கள் மாதிரி நாள் முழுக்க ஊரைச் சுற்றிப் பார்ப்பார்கள்.

இந்த வருஷம் அவன் சிலுவையை நிறையவே நம்பியிருந்தான். முன்வாசலுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் ஆகுமாம். வயதோ எழுபதைத் தொடப்போகிறது. அதுவரை தான் இருக்க வேண்டுமே என்ற பயம் முதல் தடவையாக வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

கிராசியா வீதியில் கூட்டம் நெரிந்தது. எலும்பு எலும்பாகப் பால்கனி வைத்த வீட்டை ரோஜாக்களால் மூடியிருந்தார்கள். மீன்காரியான ரெமெய் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சூரைமீன் தாடைகளைக் கழுவாமலே சுவரில் ஒட்டிவிட்டார்கள் என்று தீர்ப்புச் சொன்னாள். அலை அலையாகக் கல் நெளியும் வீட்டுக்கு முன்னால் நின்று, இதற்குள் ஒரு பீரோவை எந்தச் சுவரில் சாய்த்து வைப்பது என்று கவலைப்பட்டாள். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஜப்பானியர்கள், மொழி புரியாமலே அவளோடு சேர்ந்து தலையை ஆட்டினார்கள்.

ஃபெரானும் விடவில்லை. கோயிலுக்குப் படம் போட்ட அதே ஆள்தானே இந்த வீட்டையும் கட்டினான், இதை முடித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்றே, இது கணக்கில் வராதா என்று கேட்டான். பேச்சு கோயிலைப் பற்றித்தான், வீட்டைப் பற்றி இல்லை என்று அவள் கறாராகச் சொன்னாள். வழக்கமாக இதற்குச் சிரித்துவிடுவான். இன்று சிரிப்பு வரவில்லை. முழங்கால் வலிக்கிறது, திரும்பிப் போகலாம் என்றான்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் ஒரே ஒரு கட்டடம் பாக்கி என்று சொல்லி அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பூவேலை இல்லை, வண்ண ஓடு இல்லை, ஒரு சிலையும் இல்லை. சாம்பல் பூசிய சதுரம். ஜன்னலுக்கு ஜன்னல் ஏசி பெட்டி சொட்டிக்கொண்டிருந்தது. படம் எடுக்க ஒரு ஜீவன் இல்லை. இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஃபெரான் எரிச்சலோடு கேட்டான்.

"சாரம் இல்ல, கிரேன் இல்ல. எப்பவோ கட்டி முடிச்ச கட்டடம். எனக்கு இது போதும்," என்றாள் ரெமெய்.

வாசல் பலகையை அவன் அப்போதுதான் படித்தான். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு அலுவலகம்.

"சிலுவ ஏறின மறுநாளே இங்க நேரம் வாங்கிட்டேன். முன்னாடியே சொல்லியிருந்தா இன்னைக்கு நீ கேட்டிருக்க மாட்டியே. அதான் சொல்லல."

வாழ்நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஃபெரான், சம்மதம் கிடைத்ததும் பலகையை மறுபடி ஒரு தடவை படித்தான். கைக்குட்டையைத் தேடினான். அவள் தன்னுடையதை நீட்டினாள்.

திருமண மனுவுக்கு ஒரு சாட்சி வேண்டும். படியில் காத்திருந்த பெண் எழுந்து, பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டாள்.

"சீக்கிரம் வாப்பா, நம்ம நம்பரக் கூப்பிட்டுட்டாங்க," என்றாள் அவர்களுடைய மூத்த மகள்.