ஏட்டய்யா விசாரிக்க வந்த நாள்

கிட்ட வாங்க கண்ணுகளா, மனசை உறுத்துகிற கதை ஒன்று சொல்கிறேன். சொர்ணத்தின் மகள் எழிலரசி ராணுவத்துக்குத் தேர்வாகிவிட்டாள். அவள் நடத்தையை விசாரிக்க ஏட்டு வீட்டுக்கே வந்தார். மகளை அனுப்ப மனமில்லாத சொர்ணம் குரலைத் தாழ்த்தி, “அவளுக்குக் கை நீளம், ஏட்டய்யா. வேலை பார்த்த கடையிலேயே திருடினவ” என்றாள். அத்தனையும் பொய்.

ஏட்டு சிரித்தார். “போன வாரம் ஒரு அம்மா, மகனை அனுப்ப மனசில்லாம குடிகாரன்னாங்க. உங்க வீட்ல திருடியா?”

மோர்ச் செம்போடு வந்த எழிலரசி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். தாயின் முகத்தையே பார்த்தாள். “எங்கம்மா பொய் சொல்லமாட்டாங்க, ஏட்டய்யா” என்றாள்.

ஏட்டின் சிரிப்பு நின்றது. பேனாவைத் திறந்து, சொர்ணம் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

உங்கள் வீட்டில் பெற்றவள் வாயிலிருந்து பிள்ளைகளுக்கு நல்ல சொல்லே வரட்டும், தாயிகளா.