ஆறாவது வாரமும் யூனுஸ்

துடியலூரில் கண்ணையா வீட்டில் ஞாயிறு மதியம் நாலு பேர் ரம்மி ஆடுவார்கள். கடைசியாய் வந்து தோற்றவர்தான் எல்லாருக்கும் டீயும் போண்டாவும் வாங்க வேண்டும். போன வருசம்தான் ஆடக் கற்றுக்கொண்ட யூனுஸ் ஐந்து வாரமாய் ஜெயித்தார். ஐந்து வாரமும் தோற்றது கண்ணையா. அவருக்கு வயிறு எரிந்தது. ஒருநாளாவது யூனுஸ் காசில் போண்டா தின்ன வேண்டும்.

ஆறாவது வாரம் கண்ணையா புதுச் சீட்டுக்கட்டு வாங்கினார். இடம் மாறி உட்கார்ந்தார். யூனுஸின் சட்டைக் கையைக்கூட மடித்துவிடச் சொன்னார்.

அப்படியும் யூனுஸ்தான் ஜெயித்தார்.

"உள்ளதச் சொல்லிப்போடப்பா. என்ன தில்லுமுல்லு பண்றே?"

"அட ஏனுங்கண்ணா! சீட்டு மோசமா வந்தா ஆசப்படாம மொதல்லயே டிராப் பண்ணிர்றனுங்க. அடுத்தவங்க எதை எடுக்கறாங்க, எதைப் போடறாங்கன்னு பாத்துட்டே இருக்கறனுங்க. அவ்வளவுதானுங்க."

"இந்தப் புத்தி உனக்கேது? எவன் சொல்லிக் குடுத்தான்?"

யூனுஸ் தலையைக் குனிந்துகொண்டார். போண்டாவுக்குத் தட்டு கொண்டுவந்த வெங்கடலட்சுமி, புருசன் கண்ணையாவைப் பார்த்துச் சொன்னாள்:

"நாந்தானுங்க. இதையேதான் உங்ககிட்டப் பத்து வருசமாச் சொன்னேன். பொம்பளைக்கு என்னடி சீட்டு தெரியும்னீங்க."

"அதுக்கு, போயும் போயும் இவனுக்கா சொல்லிக் குடுப்பே?"

"அவரு கேட்டாருங்க."