வெல்லத்துக்கு அடங்கும் ஈயம்

வெல்லம் தின்றவரை ஈயம் தொடாது. மனிதகுலத்துக்கே தேவையான இந்த உண்மையை, வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில், மேனேஜர் துரைசுவாமி தினமும் வேலை முடிகிற நேரத்தில் அறிவித்து வந்தார்.

பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தகட்டைப் பிடுங்கி, உருக்கிக் கட்டியாக்கும் கொட்டகை அது. முகமூடி, கையுறை, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் சேர்த்து அங்கே ஒரே பாதுகாப்புக் கருவிதான் வாங்கி வைத்திருந்தார்கள்.

அச்சு வெல்லம். ஆளுக்கு ஒன்று.

சாம்பல் பூத்த கைகள் வரிசையாக நீளும். வெல்லமும் சாம்பல் பூத்து வாய்க்குள் போகும்.

"மென்னு முழுங்குங்க. வயித்துல இருக்கற தூசியெல்லாம் கூட்டிக்கிட்டு இறங்கிரும்" என்பார் துரைசுவாமி. தனக்கும் ஒரு அச்சை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டிவிட்டு ஆபீசுக்குள் போவார்.

அன்று வனிதா மட்டும் கை நீட்டவில்லை. அவளிடம் ஒரு துணிப்பை இருந்தது. பைக்குள் மாற்றுச் சேலையும் உறை பிரிக்காத சோப்பும்.

வனிதாவின் மகள் பவ்யாவுக்கு இரண்டு வயது. இந்தக் கொட்டகைக்குள் கால் வைத்ததே இல்லை. ஆனாலும் அவள் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. அது தன் சேலையிலும் தலைமுடியிலும் ஏறி வீட்டுக்கு வந்தது என்பதை, முந்தின நாள் டாக்டர் சொல்லித்தான் வனிதா அறிந்தாள். குளித்துத் துணி மாற்றாமல் பிள்ளையைத் தொடாதே என்றிருந்தார் டாக்டர்.

"சார், ஆபீசுக்குப் பின்னாடி இருக்கற குளியல் ரூமைத் தொறந்து உடுங்க. ஒரு வாளித் தண்ணி போதுமுங்க."

துரைசுவாமி பைக்குள் கை விட்டு சோப்பை எடுத்தார். உறையைப் பிரித்து முகர்ந்தார். கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார்.

"ஏம்மா, இது பேட்டரி கம்பெனியா, இல்ல இன்னைக்கு உன்னையப் பொண்ணு பாக்க வர்றாங்களா? மோட்டாரும் ரிப்பேராக் கெடக்குது. வெல்லத்தைத் தின்னுட்டுப் போவியா."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்களை மறுநாள் வேலைக்குக் கூப்பிடுவதில்லை.

சோப்பு பைக்குத் திரும்பவில்லை. மேனேஜரின் சட்டைப் பைக்குள் போனது.

கேட்டுக்கு வெளியே, பக்கத்து வீட்டு மருதாத்தாள் வழக்கம்போல பவ்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வழக்கம்போல பவ்யா தாவினாள். தாவியதும் அம்மாவின் முந்தானையை வாயில் திணித்துச் சப்புவது அவளுக்கு நாள் முழுக்கக் காத்திருந்த சுகம்.

வனிதா பின்னால் நகர்ந்தாள்.

குழந்தை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது. மறுபடி கை நீட்டியது. அம்மா மறுபடி நகர்ந்ததும் உதடு பிதுங்கியது.

"என்ன புள்ள, பெத்த கொழந்தையத் தொடமாட்டியா?" என்றாள் மருதாத்தாள்.

"எங்கிட்டக் குடுக்காதீங்க அக்கா. அப்படியே புடிச்சுக்குங்க."

பிள்ளையின் அழுகை முதுகில் அறைய, வனிதா கொட்டகைக்குத் திரும்பி நடந்தாள். பூட்டை உடைத்தாவது அந்த ரூமைத் திறப்பது என்றுதான் நடந்தாள். பேட்டரி உடைக்கிற சுத்தியல் வழியிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டாள்.

ஆபீசுக்குப் பின்னால் மேனேஜரின் கார் நின்றது. பின்சீட்டில், யானைப் படம் போட்ட குழந்தை இருக்கை ஒன்று வார் போட்டுக் கட்டியிருந்தது. திறந்து கிடந்த டிக்கியில், இன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டையும் பேண்ட்டும், பாலித்தீன் பைக்குள் இறுக்கி முடிச்சுப் போடப்பட்டு.

குளியல் ரூம் ஜன்னல் திட்டில் அச்சு வெல்லங்கள். பழையவற்றை எறும்பு பாதி முடித்திருந்தது. இன்றைய வெல்லம் முழுசாக இருந்தது.

பூட்டு இல்லை. கதவு ஒருக்களித்திருந்தது. மோட்டார் பிரமாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே துரைசுவாமி, இடுப்பில் துண்டோடு, நகத்துக்கு நகம் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். காதுமடல், கழுத்து மடிப்பு, விரல் இடுக்கு, எதையும் விடவில்லை. முகம் முழுக்க நுரை. கண் மூடியிருந்தது.

வனிதா சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு, வழியை அடைத்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

காலடிச் சத்தம் வாட்ச்மேனுடையது என்று நினைத்துக்கொண்டார் துரைசுவாமி.

"மோட்டாரை நிறுத்தீராதப்பா. இன்னொருக்காத் தேய்க்கோணும்" என்றார்.

தேய்த்தார். வனிதாவின் சோப்பு நன்றாகவே நுரைத்தது.