இரண்டு பேர் வேண்டும்

நூலகத்தில் புதிதாகத் திறந்த பேசும் அறைக்கு ஒரே ஒரு விதிதான். குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஆனால் ஒரு பெரியவர் தினமும் தனியாக வந்து நிற்பார்.

"நண்பர் வரலையா சார்?" என்பாள் கவுண்டரில் இருக்கும் லைப்ரரி அக்கா.

"இன்னைக்கும் டிமிக்கி கொடுத்துட்டான்மா."

பாவம், பேச்சுத்துணைக்கு நாதியில்லாத மனுஷன் என்று அவளுக்கு மனசு கேட்காது. திரும்பி வந்த புத்தகங்களை, "எங்கடா ஊர் சுத்திட்டு வர்றே? முதுகெல்லாம் கிழிஞ்சிருக்கு!" என்று அதட்டி அடுக்கிவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு அவர் எதிரில் போய் உட்கார்ந்துவிடுவாள். ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் ஓடும். நம்மால் ஒரு ஜீவனுக்கு ஆறுதல் என்ற நினைப்பில் அன்றைக்கெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவாது.

இன்று வெகுநேரமாகியும் அவரைக் காணோம். டப்பாவை அவள் திறக்கவே இல்லை.

வயதான அம்மா ஒருத்தி மூச்சிரைக்க வந்தாள். "எங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். பேசற ரூமுக்கு தினமும் வருவாரே, அவர்தான். சொல்லிட்டு வரச் சொன்னார்."

"சார் தனியா இருக்கார்னுல்ல நினைச்சேன்!"

"தனியாவா? மூணு மருமகளுங்க, ஏழு பேரப்பிள்ளைங்க, வீடே சந்தைக்கடை! இங்க வேலை பார்க்கிற ஒரு பொண்ணுக்காகத்தான் வர்றார். பேச ஆளில்லாம புத்தகத்தோட பேசிட்டிருக்குமாம். இல்லாத நண்பனைச் சொல்லி தினமும் அந்தப் பொண்ணைத் தன்கூட உட்கார வைக்கிறாராம். இன்னைக்கும் சாப்பிடாம காத்திட்டிருக்கும்னு ஒரே புலம்பல். எங்கம்மா அந்தப் பொண்ணு?"

அவள் டப்பாவை மெல்ல மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

"அவங்க இன்னைக்கு லீவும்மா."