பெயரில்லாத வரி

"பேப்பர்ல அம்மா மட்டும்தான் சார் இருக்காங்க. குழந்தை இல்ல" என்றார் ஆஸ்பத்திரி வாசல் காவலாளி.

குழந்தை அவருக்கு நேர் எதிரே, சக்கர நாற்காலியில் இருந்த தாயின் மடியில், ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தது.

கணவன் தாளை வாங்கிப் பார்த்தான். வெளியே போகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அதோடு சரி. அச்சில் இல்லாத ஆளை விட்டால் தன் வேலை போய்விடும் என்று காவலாளி கதவோடு ஒட்டி நின்றுகொண்டார்.

அவளுக்குத் தையல் போட்ட இடம் சுள்ளென்று இழுத்தது. வெளியே கார்க்காரர் ஹாரன் அடித்து மானத்தை வாங்கினார்.

நர்ஸ் ஃபார்மைத் திறந்த டேப்லெட்டோடு வந்தாள். அவளுக்கும் சலித்துப்போயிருந்தது. முன்பெல்லாம் ஃபார்மில் நிரப்பாமல் விட்ட காலி வரிகளும் தாளில் சேர்ந்தே அச்சாகும். வார்டில் எல்லோரும் கம்ப்யூட்டர்காரர்களை நச்சரித்தார்கள். போன வாரம் அவர்களும் சரிசெய்து கொடுத்தார்கள். பெயர்க் கட்டம் காலியா, அந்த வரியையே தூக்கிவிடு. பிறந்த குழந்தைக்கு ஏது பெயர்? எடை இருக்கிறது, பிறந்த நேரம் இருக்கிறது, பெயர் இல்லை. போயே போச்சு.

"எந்தப் புண்ணியவான் பார்த்த வேலை இது? கையில கிடைச்சான்னா..." கணவன் பல்லைக் கடித்தான்.

அவள் குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள்.

"ஒரு பேரைப் போட்டா வந்துரும் சார். ஆனா யோசிச்சுச் சொல்லுங்க. பிறப்புப் பதிவுக்கும் இதேதான் போகும்" என்றாள் நர்ஸ்.

யோசிப்பதா? வில்லங்கமே அங்கேதானே இருக்கிறது. கூடவே வந்திருந்த மாமியார் தன் அம்மாவின் பெயர்தான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கணவனுக்கு அவன் அக்கா சொன்ன பெயர். அக்காவைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்கள். தாயும் மகளும் அதிலேயே முட்டிக்கொண்டார்கள். வரவேற்பறை மொத்தமும் வேடிக்கை பார்த்தது.

பெற்றவளிடம் ஒருத்தராவது கேட்கவேண்டுமே. ம்ஹூம்.

மாசமாக இருந்தபோது அவளும் ஒரு பெயரைச் சொல்லித்தான் பார்த்தாள். "பார்க்கலாம்" என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. ஆனால் தனியாக இருக்கும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வயிற்றோடு பேசிக்கொண்டிருந்தாள். இனி தன் மகளை வேறு யாருடைய பெயராலோ கூப்பிட வேண்டுமாம்.

"குடுங்க" என்று நர்ஸிடம் கையை நீட்டினாள். டேப்லெட்டை வாங்கித் தட்டத் தொடங்கினாள்.

"ஏய், இரு. பேரில்லாம இப்போதைக்கு எடுக்க முடியாதா?" கணவன் பதறினான்.

"முடியாதுங்க. சிஸ்டம் அப்படி" என்றாள் அவள், தட்டுவதை நிறுத்தாமல்.

தாள் வந்தது. காவலாளி தாயையும் பார்த்தார், மகளையும் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டார்.

மாமியார் காரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். கணவன் அந்த ஃபார்மைச் செய்த மடையனை வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தான். மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றா" என்பவன் அவன். கட்டங்களை இழுத்துப் போட்டு ஃபார்ம் செய்கிறாள், அதில் ஜனங்கள் நிரப்புவதை ஒழுங்குபடுத்தித் தாளாக்குகிறாள் என்பது வரைக்கும்கூட அவன் வந்ததில்லை. எந்த ஆஸ்பத்திரிக்கு என்று கேட்கவா போகிறான்?

வலி எடுப்பதற்கு முந்தின நாள், காலி வரிகளை நீக்கிக் கொடுத்தவள் அவள்தான். பச்சைக்குழந்தைகளை யோசிக்காமல் விட்டது தப்புதான். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதைத் திருத்திவிட வேண்டும்.

பெயர்க் கட்டத்தில் வெறும் ஒரு புள்ளி வைத்திருந்தாலே குழந்தை அச்சில் வந்திருக்கும். அதைச் சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?