இரண்டாவது கப்டன்

“எங்கடை பிள்ளை உதுக்கெல்லாம் சரிவராது ரீச்சர். வேறை ஆரையும் பாருங்கோ.”

குணலட்சுமி தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள். உதயகலா ரீச்சர் பெருமூச்சோடு வாங்கினாள். காலையிலிருந்து உரும்பிராய் முழுக்க ஸ்கூட்டியில் அலைச்சல். ஒரு வீட்டில் ரியூசன் என்றார்கள், இன்னொரு வீட்டில் சோதினை என்றார்கள். போன வீடெல்லாம் தேத்தண்ணி மட்டும் குறைவில்லாமல் கிடைத்தது, பிள்ளைதான் கிடைக்கவில்லை.

“வேறை ஆர் இருக்கினம் அக்கா? கேக்காத வீடில்லை. கொழும்பிலை நடக்கிற றோபோப் போட்டி. அணிக்கு ரெண்டு கப்டன் வேணுமாம். ஒரு ஆம்பிளைப் பிள்ளை, ஒரு பொம்பிளைப் பிள்ளை. இல்லாட்டில் பேர் பதிய மாட்டினமாம். இண்டைக்குப் பின்னேரத்தோடை முடியுது. ஒரு கப்டன் எப்பவோ றெடி. மற்றதுக்குத்தான் இந்த நாய்படாப் பாடு!”

“அதுக்கு எங்கடை பிள்ளைதானோ கிடைச்சுது? அவ்வளவு பேருக்குள்ளை தனிய ஒண்டை எப்பிடி விடுறது? சனம் என்ன கதைக்கும்?”

“என்னத்தைக் கதைக்கிறது? நான் கூடவே நிப்பன். பத்திரமாய்க் கூட்டிக்கொண்டு போய், பத்திரமாய்க் கொண்டுவந்து விடுறன்.”

தோட்டத்தால் வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த தியாகராசா அங்கிருந்தே குரல் கொடுத்தார். “உந்த வயரும் மோட்டரும் அதுக்கென்ன விளங்கும் ரீச்சர்? அங்கை போய்ப் பேய்முழி முழிக்கும்.”

“ஒண்டும் விளங்கத் தேவையில்லை அண்ணை! மற்றப் பிள்ளையள் எல்லாம் செய்து முடிச்சிட்டினம். றோபோவைத் தொடவே வேண்டாம். வடிவா உடுத்திக்கொண்டு படத்துக்கு நிண்டாக் காணும்.”

தியாகராசா நிமிர்ந்து பார்த்தார். “சும்மா பேருக்குக் கொண்டுபோய் நிப்பாட்ட என்ரை பிள்ளை என்ன, புடவைக்கடைப் பொம்மையோ?”

ரீச்சருக்குச் சுருக்கென்றது. தன் வாயாலா அப்படிச் சொன்னோம் என்று கூசியது. ஆனால் என்ன செய்வாள்? ஒரு வருடமாகப் பள்ளிக்கூட ஆய்வுகூடமே கதியென்று கிடந்த பிள்ளைகளின் முகங்கள் நினைவுக்கு வந்தன. ஓடித் திரிகிற றோபோவை அலுமாரிக்குள் பூட்டிவிட்டு, ‘போட்டி இல்லை, வீட்டை போங்கோ’ என்று அதுகளிடம் எப்படிச் சொல்வது?

“அதோடை சரியான கூச்சப் பிள்ளை,” குணலட்சுமி மறுபடி தொடங்கினாள். “ஆக்களுக்கு முன்னாலை வாயே திறவாது. ஆரும் பகிடி பண்ணினால் வீட்டை வந்து மூலைக்குள்ளை இருந்து அழும்.”

“ஐயோ அக்கா! வந்த நேரம் தொட்டு நீங்களும் அண்ணையுமே கதைச்சுக்கொண்டிருக்கிறியள். பிள்ளைக்கு விருப்பமோ இல்லையோ எண்டு ஒருக்காக் கூப்பிட்டுக் கேளுங்கோவன்!” ரீச்சரின் குரல் அவளை அறியாமலே உயர்ந்துவிட்டது.

கதவுச் சீலை அசைந்தது. இவ்வளவு நேரமும் அதன் பின்னால் நின்று ஒட்டுக்கேட்ட மயூரதன், அரும்பு மீசையைத் தடவியபடி தயங்கித் தயங்கி வெளியே வந்தான்.

“நான் வாறன் ரீச்சர். ஆனா… அங்கை முழுக்க அக்காமார்தானே. எனக்கும் ஒரு ஸ்குறூவாவது பூட்டத் தருவினமோ எண்டு, கப்டன் ஆரணி அக்காவை ஒருக்காக் கேட்டுச் சொல்லுறியளே?”